செம்மண்ணும் பெயல்நீரும்: கவிதைப் படிமத்தை மாணவர்களுக்குக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், திசையன்விளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு மாணவி, 'செம்புலப் பெயல்நீர்' என்னும் உவமைக்கு உரிய விளக்கத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்றாள். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "செம்புலம் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். "நல்ல நிலம் சார்" என்றாள். அவளுடைய ஊர் செம்மணல் பரந்த தேரிக்காட்டை ஒட்டியது. மழை பெய்தால் தெருவில் சிவந்த நீர் ஓடுவதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவள் அவள். கண்ட காட்சியும் படித்த பாட்டும் அவளுக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. குறை அவளுடையது அன்று. உவமை எது, உவமேயம் எது, உவம உருபு எது என்று கூறுபோட்டுக் காட்டிய நான், அந்த மண்ணை ஒருமுறையாவது நினைத்துப் பார் என்று சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பல ஆண்டுகளாக ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரையிலான மாணவர்களோடு சிறிது சிறிதாக மாற்றி அமைத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். இதன் அடிப்படை ஒன்றுதான்: புலன் முதலில், பாட்டு அடுத்து, பெயர் கடைசியில். நம் வகுப்பறைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. 'அணி' என்ற சொல்லும் மாணவரைச் சற்றுத் திசைதிருப்பி விடுகிறது. அணி என்றால் நகை. நகை இல்லாமலும் ஆள் இருக்கிறார். ஆகவே உவமை இல்லாமலும் கவிதையின் பொருள் இருக்கும் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். நல்ல படிமத்தைக் கவிதையிலிருந்து கழற்றி எடுக்க முடியாது என்பதை அவர்களே கண்டுகொள்ளும்படி செய்வதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

ஏழு அல்லது எட்டுப் பாடவேளைகள் தேவைப்படும். இடையில் ஒரு வார இறுதி வருமாறு அமைத்துக்கொண்டால் நல்லது. ஊருக்குப் போய்ப் பார்த்து வர மாணவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

முதல் படி: பையில் கைவிடுதல்

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது தொடுதலில் தொடங்குகிறார். உற்றறிவது முதலாவது, அதன்பின் நாவு, மூக்கு, கண், செவி என்று வரிசை வளர்கிறது. கண்ணுக்கு நான்காம் இடமே. முதல் வகுப்பை இந்த வரிசையிலேயே நடத்தலாம். கண்ணை முதலில் அவிழ்த்துவிட்டால் மற்ற நான்கு புலன்களும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது என் அனுபவம்.

ஒரு துணிப்பையில் சில பொருள்களைப் போட்டுக்கொண்டு செல்லுங்கள். கருப்பட்டித் துண்டு, வேகவைத்த பனங்கிழங்கு, பத்தமடைக் கோரைப்பாயில் வெட்டிய சிறு துண்டு, தாமிரபரணியில் எடுத்த கூழாங்கல், காய்ந்த பனையோலை ஆகியவை எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையை விட வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. கை அறிந்ததை மட்டும் ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும். பின்னர் தின்னக்கூடியதைச் சுவைத்து ஒரு வாக்கியம், முகர்ந்து ஒரு வாக்கியம், பார்த்து ஒரு வாக்கியம், தட்டியோ உரசியோ கேட்டு ஒரு வாக்கியம் என்று ஐந்து வாக்கியங்கள்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு தடை உண்டு. 'அழகான', 'இனிமையான', 'மிகவும்', 'அருமையான' என்னும் நான்கு சொற்களையும் அன்று முழுவதும் யாரும் பயன்படுத்தக் கூடாது. தொடக்கத்தில் மாணவர்கள் திணறுவார்கள். அந்தத் திணறலுக்கு இடம் கொடுங்கள். 'கருப்பட்டி இனிமையாக இருந்தது' என்று எழுதிய ஒரு பையன், அந்தச் சொல்லை அடித்தபின் கால் மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'மேலே வழவழப்பாக இருந்தது, உடைந்த பக்கத்தில் மணலைப் போல நெருடியது, வாயில் போட்டதும் முதலில் புகை வாசம் வந்தது' என்று எழுதினான். உவமை என்ற சொல்லை நான் அன்று உச்சரிக்கவே இல்லை. அது தானாக வந்தது. வேறு வழியில் சொல்ல முடியாததால் வந்தது. உவமை பிறக்கும் இடம் அதுதான் என்பதைப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

ஒலிக்கு வரும்போது நம் மொழியின் இரட்டைக்கிளவிகளை நினைவூட்டுங்கள். சலசல, சரசர, சடசட, மொறுமொறு என்பவை பொருள் தரும் முன்பே காதில் விழுந்துவிடும் சொற்கள். பச்சை ஓலை காற்றில் எழுப்பும் ஒலிக்கும் காய்ந்த ஓலை எழுப்பும் ஒலிக்கும் ஒரே இரட்டைக்கிளவி பொருந்துமா என்று கேட்டால், பனங்காட்டு ஊர்ப் பிள்ளைகள் பத்து நிமிடம் விவாதிப்பார்கள். ஊர்ப்பேச்சுச் சொற்களையும் அப்படியே எழுத விடுங்கள். 'பைய வந்தது' என்பதை 'மெதுவாக வந்தது' என்று திருத்தினால், பிழை ஒன்றும் நீங்குவதில்லை; அந்தப் பிள்ளையின் காது மட்டும் அடைபடுகிறது.

இரண்டாம் படி: விளக்காமல் வாசித்தல்

அடுத்த பாடவேளைக்கு முக்கூடற்பள்ளு மிகப் பொருத்தமானது. தாமிரபரணியும் சிற்றாறும் கலக்கும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்ட நூல் அது. எங்கள் மாணவர்கள் பேருந்தில் கடந்துபோகும் இடம். மழைக்குறி பாடும் பகுதியை இரண்டு முறை உரக்க வாசியுங்கள்:

ஆற்று வெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி - மலை
யாள மின்னல் ஈழமின்னல் சூழ மின்னுதே
நேற்றும் இன்றும் கொம்புசுற்றிக் காற்ற டிக்குதே - கேணி
நீர்ப்படு சொறித்தவளை கூப்பி டுகுதே
சேற்றுநண்டு சேற்றில்வளை ஏற்ற டைக்குதே - மழை
தேடியொரு கோடிவானம் பாடி ஆடுதே

வாசித்து முடித்ததும் பொருள் சொல்லாதீர்கள். ஆசிரியருக்கு இது கடினம். சொல்லிக் கொடுத்தே பழகிய வாய் சும்மா இருக்காது. ஆயினும் பொறுத்திருந்து, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். "மலையாள மின்னல் எந்தப் பக்கம்? கையைக் காட்டுங்கள். ஈழ மின்னல் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். முதல் கை பொதிகை மலை இருக்கும் மேற்குத் திசையில் நீளும். இரண்டாம் கை சற்றுத் தயங்கிக் கடற்பக்கம், கிழக்கும் தெற்குமாகத் திரும்பும். இரண்டு கைகளையும் விரித்து நிற்கும் பிள்ளையிடம், "இப்போது நீ எங்கே நிற்கிறாய்?" என்று கேளுங்கள். மின்னல் சூழ்ந்த வானத்தின் நடுவில், ஆற்றங்கரை வயலில் நிற்பதை அந்த உடம்பு உணர்ந்துவிடும். 'சூழ' என்ற ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் தருவதைக் காட்டிலும் இது விரைவாகவும் ஆழமாகவும் போய்ச் சேர்கிறது.

பிறகு, ஒவ்வோர் அடியும் எந்தப் புலனை எழுப்புகிறது என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். மின்னல் கண்ணுக்கு, காற்று உடம்புக்கு, தவளை காதுக்கு. நண்டு வரும்போது பெரும்பாலோர் 'கண்' என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். அங்கே நிறுத்துங்கள். நண்டு ஏன் வளையை அடைக்கிறது? வெள்ளம் உள்ளே புகாமல் இருக்க. யாருக்கு முன்னால் தெரிந்தது? மனிதருக்கு முன்னால் நண்டுக்குத் தெரிந்தது. வானளாவிய மின்னலில் தொடங்கிய பாட்டு, காலடிச் சேற்றில் ஒரு சிறு உயிர் செய்யும் வேலைக்கு இறங்கி, மறுபடி வானம்பாடியோடு மேலே ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை நோட்டில் ஒரு கோடாக வரையச் சொன்னால் வரைந்துவிடுவார்கள். 'உழவர்கள் மழையை எதிர்பார்த்து மகிழ்ந்தனர்' என்று இந்த அடிகளில் எங்கும் சொல்லப்படவில்லை என்பதையும் அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். நண்டும் தவளையும் வானம்பாடியும் அந்த மகிழ்ச்சியைச் சுமக்கின்றன.

நேரம் இருந்தால், திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலிருந்து 'தேனருவித் திரையெழும்பி வானின்வழி ஒழுகும் / செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்' என்ற இரண்டு அடிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். சூரியனின் குதிரை வழுக்கி விழுவது பெரும் கற்பனைதான். ஆனால் குற்றாலத்தில் சாரல் காலத்து ஈரப்பாறையில் கால் வைத்தவர் எவரும் 'வழுகும்' என்ற சொல்லை உள்ளங்காலில் உணர்வர். கற்பனை எவ்வளவு உயரப் போனாலும் அதன் ஒரு கால் உண்மையான பாறையில் ஊன்றியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: பெயர் சூட்டுதல்

இப்போதுதான் கலைச்சொற்கள் வருகின்றன. ஒரு பாடவேளை போதும். 'போல', 'அன்ன' போன்ற உருபு வெளிப்பட்டோ மறைந்தோ ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவது உவமை. இரண்டும் ஒன்றே என்று ஏற்றிச் சொல்வது உருவகம். மலர்முகம் என்றால் உவமைத்தொகை, முகமலர் என்றால் உருவகம். இந்த ஓர் இணை போதுமானது. ஒப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொற்களால் புலன்களில் ஒரு காட்சியையோ ஒலியையோ தொடுவுணர்வையோ எழுப்பி, அதன் வழியாகவே உணர்வைத் தருவது படிமம். முக்கூடற்பள்ளின் அந்த அடிகளில் உவம உருபு ஒன்றுகூட இல்லை. ஆனால் அடிக்கு அடி படிமம் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர் பாட்டிலிருந்தே பெற்றுவிட்டால் பிறகு குழப்பம் வராது.

பாரதியின் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்' என்ற வரியை இதே வகுப்பில் எழுதிப் போட்டு, குஞ்சு என்ற சொல்லுக்குப் பதிலாகப் 'பொறி' என்று போட்டால் என்ன குறைகிறது என்று கேட்கலாம். குஞ்சு வளரும், பொறி அணையவும் கூடும். எட்டயபுரத்துக்காரரின் அந்த ஒரு சொல் தேர்வைப் பற்றி மாணவர்கள் தாமாகவே பேசுவார்கள்.

நான்காம் படி: ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் நம்பும் பயிற்சி இது. இரண்டு பாடவேளைகளைத் தயங்காமல் ஒதுக்குங்கள். குறுந்தொகையின் 58ஆம் பாடலில் வெள்ளிவீதியார் எழுதியது:

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய்

தன்னைக் கடிந்துரைக்கும் நண்பனிடம் தலைவன் சொல்வது இது. வெயில் காயும் சூடான பாறைமேல் வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கிறது. காவல் இருப்பவனுக்குக் கை இல்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் இருக்கிறது.

காட்சியைக் கரும்பலகையில் உறுப்பு உறுப்பாக எழுதுங்கள்: வெயில், பாறை, வெண்ணெய், கை இல்லாமை, பேச்சு இல்லாமை, கண். வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஓர் உறுப்பை மட்டும் நீக்கி, காட்சி என்ன ஆகிறது என்று எழுத வேண்டும். அவனுக்குக் கை இருந்தால் வெண்ணெயை எடுத்துவிடுவான். துயரம் அங்கேயே முடிந்துவிடும். பேச்சு இருந்தால் யாரையாவது கூப்பிடுவான். பாறைக்குப் பதில் மரநிழல் என்றால் அவசரம் போய்விடும். வெண்ணெய்க்குப் பதில் உப்பு என்றால் காய்ந்து கிடக்கும். உருகிப் பரவாது, ஆகவே 'பரந்தன்று' என்ற சொல் நிற்க இடமில்லாமல் போய்விடும். கடைசிக் குழுவிடம் கண் இருக்கிறது. கண்ணும் இல்லாதவனாக இருந்தால்? ஒருமுறை இந்தக் கேள்விக்கு வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த, பாடத்தில் வாயே திறக்காத ஒரு மாணவன் எழுந்து, "கண்ணு இல்லன்னா அவனுக்குக் கஷ்டமே இல்ல சார், தெரியாம உருகிப் போயிரும்" என்றான். பார்க்க முடிவதுதான் அந்தக் காட்சியின் கொடுமை என்பதை உரையாசிரியர் துணை இல்லாமல் அவன் எட்டிவிட்டான். அதற்குமேல் நான் சேர்த்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஓர் உறுப்பை நீக்கினால் காட்சி சரிய வேண்டும். சரியாவிட்டால் அந்த உறுப்பு அங்கே தேவையில்லை. பிற்பாடு தம் சொந்த வரிகளை அளக்கவும் இதே அளவுகோல் அவர்களுக்குப் பயன்படும்.

மேல்வகுப்பு மாணவருக்குக் கபிலரின் 25ஆம் குறுந்தொகைப் பாட்டையும் கொடுக்கலாம். தலைவனைச் சந்தித்த இடத்தில் சாட்சி வேறு யாருமில்லை, தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களையுடைய குருகு ஒன்று மட்டும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது என்கிறாள் தலைவி. அந்தக் குருகின் கண் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். கூந்தன்குளத்தில் நீர்ப்பறவைகள் இரைக்காகக் காத்து நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், விடை உடனே வந்துவிடும்.

ஐந்தாம் படி: எழுதுதல்

எழுதச் சொல்லும்போது 'மழை', 'தாய்', 'இயற்கை' என்று தலைப்புக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். தலைப்பு பெரிதாக இருந்தால் வரும் வரிகள் பழகிய வரிகளாகவே இருக்கின்றன: நிலவு முகம், முத்துப் பற்கள், கண்ணீர் மழை. அதற்குப் பதிலாக, இந்த வாரம் நீ உண்மையில் பார்த்த, தொட்ட, கேட்ட ஒன்றிலிருந்து தொடங்கு என்று சொல்கிறேன். வார இறுதிக்கு முன் ஒவ்வொருவரும் சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, நாளைக்கு மூன்று குறிப்புகள் எழுதி வர வேண்டும்.

திருத்தம் எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். ஒரு மாணவி 'வெயில் மிகவும் கொடுமையாக இருந்தது' என்று எழுதினாள். எந்த இடம், எந்த நேரம், யாருடைய உடம்பு என்று மூன்று கேள்விகளைக் கேட்டேன். அவள் சொன்னது: மத்தியானம், பள்ளிக் குழாயடி, முதல் குவளைத் தண்ணீர் சுட்டது, கீழே ஊற்றினோம். இரண்டு நாளில் அது இப்படி ஆயிற்று:

நண்பகல்.
குழாயின் முதல் குவளையைத்
தரைக்குக் கொடுத்துவிட்டு
இரண்டாம் குவளைக்குக் காத்திருந்தோம்.

வெயில் என்ற சொல்லே இதில் இல்லை. அதை நான் நீக்கச் சொல்லவில்லை. 'ஒன்றை எடுத்துவிட்டுப் பார்' என்ற அளவுகோலை வைத்து அவளே நீக்கினாள்.

ஒப்பீடு எழுதுபவருக்குத் தொல்காப்பியத்தின் உவமவியல் முதல் நூற்பா கையடக்கக் கருவியாக உதவும்: 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே / வகைபெற வந்த உவமத் தோற்றம்'. செயல், பயன், வடிவம், நிறம் ஆகிய நான்கில் எது ஒத்திருக்கிறது என்று ஒவ்வோர் உவமையையும் கேட்க வேண்டும். வள்ளியூர், பணகுடி வட்டாரத்துப் பிள்ளைகள் காற்றாலையைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் 'ராட்சசன் போல' என்றுதான் தொடங்குவார்கள். நான்கையும் வைத்து அளந்தால், வடிவின் பெருமை தவிர வேறு எதுவும் ஒக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு பையன் அதை அடித்துவிட்டு, ஆட்டுரலின் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றும் தன் ஆச்சியின் கையோடு ஒப்பிட்டான். வடிவம் கொஞ்சமும் ஒக்காது. ஆனால் ஓயாமல் சுற்றும் வினையும், சுற்றுவதால் வீட்டுக்குக் கிடைக்கும் பயனும் ஒக்கும். வடிவத்தைவிட வினையும் பயனும் ஒக்கும் உவமைகள் நெடுநாள் நினைவில் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையும் தாமிரபரணி வெள்ளமும் எங்கள் பிள்ளைகள் பலரின் வீடுகளுக்குள் வந்து போயின. அதைப் பற்றி எழுதுமாறு யாரையும் நான் கேட்பதில்லை. இழந்தவரிடம் அந்த இழப்பைப் பயிற்சிப் பொருளாகக் கேட்பது தகாது. ஆனால் தாமாக எழுதினால் தடுக்கக் கூடாது; எழுத்துப்பிழையைத் திருத்தும் பேனாவை அன்று மூடி வைத்துவிட வேண்டும். ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளை ஒன்று எழுதித் தந்தது இவ்வளவுதான்: 'சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு இருந்தது. அப்பா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். மழை வந்தால் அந்தக் கோடு மறுபடி தெரிகிறது.' அந்தத் தாளின் ஓரத்தில் நான் எந்தக் குறியும் இடவில்லை.

ஆறாம் படி: இணையராக வாசித்துத் திருத்துதல்

எழுதியவர் வாசிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். கேட்ட மூன்றாமவர் தம் மனத்தில் எழுந்த காட்சியைச் சொல்ல வேண்டும். 'நன்றாக இருக்கிறது', 'நன்றாக இல்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதியவர் நினைத்த காட்சியும் கேட்டவர் கண்ட காட்சியும் வேறுபட்டால், எந்தச் சொல்லில் வழி பிரிந்தது என்று இருவரும் தேடுவார்கள்.

இங்கே அடிக்கடி தென்படும் குறைகள் இரண்டு. ஒன்று, படிமக் கலப்பு: 'துன்பக் கடலில் என் மனத்தீ சிறகடித்தது' என்று கடலும் நெருப்பும் பறவையும் ஒரே வரியில் மோதுவது. வரைந்து காட்டச் சொன்னால் எழுதியவரே உணர்ந்துகொள்வார். மற்றொன்று, படிமத்தைப் போட்டுவிட்டு அடுத்த வரியில் அதற்கு உரை எழுதுவது. இரண்டாம் குவளைக்குக் காத்திருந்தோம் என்றபின் 'அவ்வளவு வெப்பம்!' என்று சேர்ப்பது போன்றது. கடைசி வரியை மறைத்து வைத்து வாசித்துப் பாருங்கள் என்றால் போதும்.

தேர்வுக்கு வருவோம். தேர்வில் அணியின் பெயர், இலக்கணம், சான்று, பொருத்தம் என்ற அமைப்பில்தான் விடை எழுத வேண்டும். அதில் மாணவருக்கு இழப்பு நேரக் கூடாது. கடைசிப் பாடவேளையில் அந்த அமைப்பைத் தெளிவாகக் கற்றுக்கொடுத்து, ஏற்கெனவே படித்த பாடல்களைக் கொண்டே பயிற்சி தாருங்கள். பொருத்தம் எழுதும் பகுதி அவர்களுக்கு இப்போது எளிதாக இருக்கும்; எழுத அவர்களிடம் விஷயம் இருக்கிறது.

குறிப்பேடுகளைத் திரும்ப வாங்கி மதிப்பெண் போடாதீர்கள். அவை அவர்களிடமே இருக்கட்டும். விரும்பியவர்களின் பக்கங்களைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை செய்யலாம். பாடத்தின் நிறைவாக நான் ஒரு கண்ணாடிக் குவளையும் கைப்பிடிச் செம்மண்ணும் கொண்டுபோகிறேன். மண்ணின்மேல் ஒரு மாணவரைக் கொண்டு நீரை ஊற்றச் சொல்லி, மேசைமேல் வைத்துவிட்டு, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல அன்புடைய நெஞ்சங்கள் கலந்தன என்னும் குறுந்தொகை 40ஆம் பாட்டைச் சொல்கிறேன். அதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்ட உவமையே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயல்நீரார் என்று நின்றுவிட்டது. "நீரையும் நிறத்தையும் பிரித்துத் தாருங்கள்" என்று கேட்கிறேன். மணி அடிக்கும் வரை குவளை சிவந்தே இருக்கிறது.